போயா நாளில் முடிகிற கோட்டை

செய்தி வந்தபோது மத்தியானம் மூன்று மணி தாண்டியிருந்தது. கொட்டாஞ்சேனை அச்சகத்தின் பின்னறையில் றோஸி ஒரு கல்யாண அழைப்பிதழின் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னுக்கு ரெலிபோன் அடித்தது. முதலாளி எடுத்துக் கேட்டார். பிறகு றிசீவரை மேசையில் வைத்துவிட்டுத் தானே எழும்பி வந்து, உங்களுக்குத்தான் என்றார். ரெலிபோனுக்காக அந்த மனிதர் கதிரையை விட்டு எழும்பியதை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

கதைத்தவள் ஷபீகா. றோஸியின் புருஷன் நிக்கலஸ் வேலை செய்த அதே கிளியரிங் கம்பனியில் பத்திரங்கள் தயாரிக்கிறவள்.

"அக்கா, நிக்கலஸ் அண்ணனுக்கு யார்ட்ல வச்சி நெஞ்சு நோவு வந்திட்டு. லொறியிலயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. நீங்க வீட்டுக்குப் போகாம நேரா வாங்க."

றோஸி நேரே போனாள். ஆமர் வீதியில் வாகனங்களை மறித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், ஓட்டோ அசையவில்லை. இறங்கி நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது, ஒருகொடவத்தை யார்டிலிருந்து வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள். வயது நாற்பத்தேழு. அது இரண்டாயிரத்தேழாம் ஆண்டு, செப்டெம்பர் மாதம். அந்த நாட்களில் ஒரு தமிழ் ஆண் கொழும்பில் இப்படிச் சாதாரணமாகச் செத்துப்போனதை நம்ப ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நெஞ்சு நோ என்று சொன்ன பிறகும், வேறு ஒன்றும் இல்லையே என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். வேறு ஒன்றும் இல்லை.

நிக்கலஸ் ஒரு வாஃப் கிளாக். கப்பலில் வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்து, கொன்ரெய்னர் யார்டிலிருந்து லொறியில் ஏற்றி, செட்டித்தெருக் கடைகளுக்கு அனுப்பி வைப்பது வேலை. காலையில் வெள்ளைச் சேட்டோடு போய், பின்னேரம் மண்ணிறச் சேட்டோடு வருவார். கிழமையில் ஆறு நாள் வேலை, ஞாயிறு பூசை, பூசை முடிய இரண்டு பிள்ளைகளையும் ரியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டிவருவது. பெரிய குடி இல்லை, கோபமும் இல்லை. அவரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருந்ததென்றால் அது ஒரு துணிப்பை. அதற்குள் உருட்டி விளையாடுகிற கட்டைகள். ஆறு பக்கக் கட்டை எல்லோருக்கும் தெரியும். அவரிடம் எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், இருபது பக்கம் என்றெல்லாம் இருந்தன.

அவை துபாயிலிருந்து வந்தவை. கல்யாணத்துக்கு முதல் அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தபோது, ஒரே அறையில் கிடந்த பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் வெள்ளிக்கிழமைகளில் ஒரு விளையாட்டு நடத்துவான். மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார்: பாழடைந்த கோட்டை ஒன்றின் வாசலில் நிற்கிறீர்கள், மழை பெய்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள்? மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம், வீரன், வைத்தியச்சி, கள்ளன் என்று. தாங்கள் செய்ய நினைப்பதை அவர்கள் சொல்வார்கள். அது சரிவருமா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும். அந்தத் தொழிலாளர் காம்பில் எல்லோரும் ஷிஃப்ட் வேலைக்காரர். இந்த வெள்ளி இருந்தவன் அடுத்த வெள்ளி இருக்கமாட்டான். அதனால் பிலிப்பைன்ஸ்காரன் கதையை அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிப்பான். நிக்கலஸ் ஊருக்கு வரும்போது அந்தப் பையை அவருக்கே கொடுத்துவிட்டான்.

றோஸி அதைத் தாயக்கட்டை என்றே சொல்லிவந்தாள். பக்கத்து வீட்டார் கேட்டால், அவர் தாயக்கட்டை உருட்டப் போயிருக்கிறார் என்பாள். அவளுக்கு அது ஒரு பிழையாகப் படவில்லை. குடிக்கப் போகாத புருஷன் எதையாவது உருட்டிவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள்.

உருட்ட ஆட்கள் கிடைப்பதுதான் பாடு. வேலையும் குடும்பமும் உள்ளவர்களை ஒரு நாள் முழுக்க ஒரு மேசையில் இருத்துவது லேசில்லை. சுங்கத்துக்கு லீவு என்றால்தான் நிக்கலஸுக்கு லீவு, அப்படிப் பார்த்தால் மாதத்தில் ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. வெள்ளவத்தையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் கொமியூனிகேஷன் வைத்திருந்தார். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருகிறவர்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். பின்னால் ஓர் அறை சும்மா கிடந்தது. அந்தக் கடையின் கண்ணாடியில் நிக்கலஸ் தன் கையால் எழுதி ஒட்டினார்:

ஒரு நாள் பயணம். நாலு பேர் தேவை. முன்னனுபவம் தேவையில்லை. காலையில் புறப்பட்டுப் பின்னேரம் முடியும்.

கீழே பெயர், ரெலிபோன் இலக்கம்.

அந்த வருஷங்களில் வெள்ளவத்தையில் பயணம் என்று ஒட்டினால் வெளிநாடு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள் நிறைந்த இடம் அது. முதல் கோல் எடுத்தவர் பிளேனா கப்பலா என்று கேட்டார். அடுத்தவர் இத்தாலி என்றால் தானும் மச்சானும் வருவதாகச் சொன்னார். மூன்றாவது ஆள் கோல் எடுக்கவேயில்லை. போயா காலையில் பாஸ்போட், படங்கள், கிராமசேவகர் கடிதம் எல்லாம் ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு நேரே பின்னறைக்கு வந்துவிட்டார். யோகநாதன் என்று பெயர். சாவகச்சேரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், மனைவி சுவிஸில். நிக்கலஸ் வேர்த்துப்போய் விளையாட்டை அடியிலிருந்து நுனிவரை விளங்கப்படுத்தினார். யோகநாதன் குறுக்கே கதைக்காமல் முழுவதையும் கேட்டார்.

"அப்ப வெளிநாடு இல்லை?"

"இல்லை, மாஸ்டர். ஒரு கோட்டைக்குள்ள."

"விசா?"

"தேவையில்லை."

"அப்ப சரி," என்று யோகநாதன் ஃபைலைக் கதிரைக்குக் கீழே வைத்தார். "எனக்கும் இண்டைக்கு வேற அலுவல் ஒண்டும் இல்லை."

அன்றைக்கு அவர்தான் மிகவும் நன்றாக விளையாடினார். அதற்குப் பிறகு ஒரு போயாவும் தவறவில்லை. ஷபீகாவை நிக்கலஸ் கந்தோரிலிருந்து கூட்டிவந்தார். ஹெவ்லொக் டவுனிலிருந்து பூபாலசிங்கம் என்றொரு இன்சூரன்ஸ் உத்தியோகத்தர் வந்தார். அவர் ராசாவாக, மிஞ்சிப்போனால் மந்திரியாக மட்டும் வருவார். அதற்குக் கீழே இறங்கமாட்டார். இண்டைக்கு ராஜா லீவு சேர், தோணிக்காரன் வேல மட்டும்தான் இருக்குது என்று ஷபீகா சீண்டுவாள். தோணிக்காரனுக்கும் ஒரு பரம்பரை இருந்திருக்கும் என்று அவர் வாதாடுவார்.

சில மாதங்களில் கொமியூனிகேஷன்காரர் பயப்படத் தொடங்கினார். நாலு தமிழர் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று பொலிசில் ஒருவர் கேட்டுவிட்டுப் போனாராம். ஆட்டம் கொட்டாஞ்சேனைக்கு, நிக்கலஸின் வீட்டு ஹோலுக்கு மாறியது. அப்படித்தான் றோஸி அதைக் கண்ணால் பார்த்தாள்.

அவள் எதிர்பார்த்தது ஒரு வரைபடம். இப்படியான விளையாட்டுக்குக் கோட்டையைக் கடதாசியில் கீறுவார்கள் என்று நிக்கலஸ்தான் முன்பு சொல்லியிருந்தார். கொழும்பில் அவர் ஒரு கோடும் கீறவில்லை. அறை, வாசல், சுரங்கம் என்று அடையாளம் போட்ட கடதாசி ஒன்று தமிழனின் பையில் பிடிபட்டால் அது விளையாட்டு என்று எந்தச் செக்பொயின்றில் சொல்லி விளங்கவைப்பது? கட்டைகளுக்கே ஒருமுறை பதில் சொல்ல வேண்டியிருந்தது. லமயின்கே செல்லம் படு, மல்லி என்று சிங்களத்தில் சொல்லி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் ஆக்கித் தப்பினார். ஆகவே கோட்டையை அவர் கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டால் கட்டினார். நிமிர்த்தி வைத்தால் சுவர், படுக்க வைத்தால் தளம், நெருப்புப்பெட்டி கதவு, தேத்தண்ணிக் கோப்பை கோபுரம். கதை முடிந்ததும் எல்லோருமாகப் பிளேன்ரீயில் தோய்த்துக் கோட்டையைச் சாப்பிட்டுவிடுவார்கள். மிச்சம் வைப்பதில்லை.

மிச்சம் வைப்பதில்லை என்பது கதைக்கும் சேர்த்துத்தான். பின்னேரம் இருட்டுவதற்குள் ஆட்கள் தங்கள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்குள் கோட்டை விழுந்துவிட வேண்டும், புதையல் அகப்பட வேண்டும், சாக வேண்டியவன் செத்துவிட வேண்டும். அடுத்த மாதம் பார்ப்போம் என்று நிக்கலஸ் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த மாதம் யார் லொட்ஜில் இருப்பார், யார் பிளேனில் இருப்பார், யார் நாலாம் மாடி விசாரணையில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? தொடங்கினால் முடிக்கவேணும் என்பார். கண் எப்போதும் சுவர் மணிக்கூட்டில் இருக்கும்.

ஆனால் கதை நடத்துகிறவர் கதைக்குள் போகமுடியாது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அவருக்கு முன்னமே தெரியும். மற்றவர்கள் பயப்படுவதையும் சிரிப்பதையும் அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். துபாயிலிருந்து வந்த நாள்முதல் நிக்கலஸ் ஒருமுறையேனும் ஒரு பாத்திரமாக இருந்து விளையாடவில்லை. ஒரு நாள் ஆட்கள் போன பிறகு, கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தவர் றோஸியிடம் சொன்னார்:

"எனக்கும் ஒருக்கா உள்ளுக்குப் போகவேணும் போல கிடக்கு, றோஸி. ஒரே ஒருக்கா. தொடக்கத்தில இருந்து முடியுமட்டும்."

அவர் எதையும் தனக்கென்று கேட்கிறவர் அல்ல. சப்பாத்துக் கிழிந்தாலும் மற்றவர் பார்த்துச் சொல்லவேண்டும்.

நுகேகொடையில் சில பெடியன்கள் சனிக்கிழமைகளில் இதையே விளையாடுவதாகக் கேள்விப்பட்டு நிக்கலஸ் தேடிப்போனார். நல்ல பிள்ளைகள், மரியாதையாகக் கதைத்தார்கள். அவர்களுடைய கதை ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. சேர்ந்தால் கிழமைக்குக் கிழமை வரவேண்டும். ஒரே ஒரு நாள் மட்டும் வரலாமா என்று கேட்டார். கடைசியில் ஒரு பெடியன் இரங்கி, அங்கிளுக்காக ஒரு சனிக்கிழமை தனியாக ஒன்று நடத்துகிறேன் என்று நாள் குறித்தான். நிக்கலஸ் அரைநாள் லீவு போட்டார். அன்றைக்கு வழியில் எங்கோ சந்தேகப் பார்சல் என்று ரோட்டை மூடினார்கள். பஸ்ஸில் இருந்தவர்களை இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். அவரையும் இன்னும் இரண்டு பேரையும் மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நுகேகொடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு றோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். றோல்ஸ் நல்லா இருந்தது என்று மட்டும் சொன்னார்.

அதைக் கேட்ட யோகநாதன், ஜூன் மாதப் போயாவுக்குத் தானே கதை நடத்துவதாகச் சொன்னார். கணக்கு வாத்தியார் அல்லவா, நேரத்துக்கு முடிப்பார் என்று நிக்கலஸுக்கு நம்பிக்கை. அந்த ஜூனில்தான் லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை விடிய முதல் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கு அனுப்பினார்கள். யோகநாதனுக்குச் சேட்டு மாற்றவும் நேரம் கொடுக்கவில்லையாம். கோட்டில் வழக்குப் போட்டு அதை நிறுத்தியதும், கொஞ்சப் பேர் திரும்பி வந்தார்கள். யோகநாதன் வரவில்லை. வவுனியாவிலிருந்து கோல் எடுத்து, தான் எழுதிவைத்த கதை தலையணைக்குக் கீழே கிடந்தது, லொட்ஜ்காரன் எறிந்திருப்பான் என்று சொன்னார். அந்தப் போயாவில் நிக்கலஸ் வீட்டு யன்னல்களுக்குப் பெயின்ற் அடித்தார்.

அப்போதுதான் றோஸி தானே நடத்துவது என்று தீர்மானித்தாள். அவருக்குச் சொல்லவில்லை. அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில், பழுதான புரூஃப்களின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். விதிமுறைகளை ஷபீகா ரெலிபோனில் சொல்லிக்கொடுத்தாள். ரெண்டு விஷயம் மறந்திடாதீங்க அக்கா, கொஞ்சமா எழுதுங்க, நேரத்தப் பாருங்க என்றாள். றோஸி கடற்கரையில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கி கட்டினாள். அதன் காவலாளி உள்ளே போய் வெளியே வரவில்லை, போய்த் தேடவேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் அவள் புரூஃப் பார்க்கிறவள். ஒரு புள்ளி விடுபட்டாலும் கைவிடமாட்டாள். அறைக்கு அறை சுவரின் நிறம், உப்பின் மணம், கயிற்றின் முடிச்சு என்று எழுதிக்கொண்டே போனாள். கடைசி அறை மட்டும் மிஞ்சியது. அதைப் போயாக் காலையில் எழுதலாம் என்றிருந்தாள். காலையில் தண்ணீர் நின்றுவிட்டது, குழாயடியில் நிற்கவேண்டியதாயிற்று.

ஜூலைப் போயா அன்று ஹோலுக்கு வந்த நிக்கலஸ் பிஸ்கட் சுவர்கள் ஏற்கெனவே நிற்பதைக் கண்டார். தன்னுடைய கதிரையில் றோஸி இருந்தாள். பிறகு ஷபீகாவுக்குப் பக்கத்தில், விளையாடுகிறவர்களின் பக்கம், போய் இருந்தார்.

அவர் எடுத்த பாத்திரம் பூட்டுத் திறக்கிறவன். பெயர் ஆதப்பன் என்றார். ஷபீகா சிரித்துவிட்டாள். செட்டித்தெருவில் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரின் பெயர் அது. நிக்கலஸ் எத்தனை தரம் அவசரப்படுத்தினாலும் அந்த மனிதர் வெற்றிலையை மென்று முடிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

"ஒரு நாளாவது ஆதப்பன் நான் சொல்லிற இடத்துக்குப் போகட்டும்," என்றார் நிக்கலஸ்.

அன்றைக்கு அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மற்ற நாட்களில் நேரம் போகுது, நேரம் போகுது என்று எல்லோரையும் விரட்டுகிறவர், ஒவ்வொரு பூட்டுக்கும் முன்னால் ஆதப்பனை முழங்காலில் இருத்தி, இது பித்தளையா இரும்பா, துரு எந்தப் பக்கம் என்று கேட்டார். றோஸியிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அவர் கேட்க அவள் சொல்ல, அவள் சொல்ல அவர் கேட்க, முதல் அறையிலேயே காலை பத்து மணி தாண்டிவிட்டது. ராசாவாக வந்திருந்த பூபாலசிங்கம் இரண்டு தரம் கொட்டாவி விட்டார். இருபது பக்கக் கட்டையில் ஒருமுறை நிக்கலஸுக்கு ஆகக் குறைந்த ஒன்று விழுந்து, ஆதப்பன் உப்புக் குவியலுக்குள் தலைகீழாக விழுந்தான். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் கடைசிக் கதவுக்கு வந்தபோது வெயில் சரிந்துவிட்டது.

"கதவு பூட்டியிருக்கு," என்றாள் றோஸி.

"ஆதப்பன் காதை வைச்சுக் கேக்கிறான். உள்ளுக்கு என்ன கேக்குது?"

கடதாசியில் ஒன்றும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஆரோ மூச்சு விடுற சத்தம்."

ஷபீகா பிஸ்கட்டைப் பார்த்தபடி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நிக்கலஸ் கட்டையைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் பூபாலசிங்கத்தின் ஃபோன் அடித்தது. ஹெவ்லொக் ரோட்டில் சோதனை தொடங்கிவிட்டது, இப்போதே வராவிட்டால் அங்கேயே நில்லுங்கள் என்று மனைவி. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்ப, ஷபீகாவும் எழும்பவேண்டியதாயிற்று.

நிக்கலஸ் கட்டையை உருட்டாமல் பைக்குள் போட்டார். கடந்துவந்த அறைகளை எல்லோரும் அவசரமாகச் சாப்பிட்டார்கள். கடைசி அறையின் சுவர்களை மட்டும் நிக்கலஸ் பிஸ்கட் ரின்னில் எடுத்து வைத்தார். மறுநாள் காலை, பிஸ்கட்தானே, புதிதாகக் கட்டலாம் என்று அதையும் தேத்தண்ணியோடு சாப்பிட்டுவிட்டார்.

உள்ளே யார் என்று அவர் கேட்கவில்லை. றோஸிதான் சொன்னாள், தான் இன்னும் அந்த அறையை எழுதவில்லை என்று. கோபிப்பார் என்று நினைத்தாள். தொடங்கினால் முடிக்கவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொன்ன மனிதர்.

"அப்ப ஆறுதலா எழுதும்," என்றார். "நல்லதா எழுதும். நான் கதவடியிலதான் நிக்கிறன்."

ஓகஸ்ட் போயாவுக்கு நடத்துவதென்று இருந்தது. பழுதாகிற சாமான் வந்து இறங்கியதால் லீவு நாளிலும் அவரை யார்டுக்குக் கூப்பிட்டார்கள். செப்டெம்பருக்குத் தள்ளிப்போட்டார்கள். அதற்கிடையில் றோஸி எழுதிப் பார்த்தாள். காவலாளியை அங்கே வைத்தாள். அது எல்லோரும் எதிர்பார்ப்பது. கள்ளர் கூட்டத்தை வைத்தாள். ஒரு மூச்சுச் சத்தத்துக்கு அது கூடிப்போயிற்று. எழுதியதை வெட்டினாள். ஒரு நாள் காலை வேலைக்குப் புறப்படும்போது நிக்கலஸ் வாசலில் நின்று சப்பாத்துக் கட்டியபடி சொன்னார்: "ஆதப்பன் இன்னும் நிண்டுகொண்டுதான் இருக்கிறான். கால் நோகுதாம், வீட்டுக்காறியிட்டச் சொல்லிவிடச் சொன்னான்."

செப்டெம்பர்ப் போயாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது செய்தி வந்தது.

மாதம்பிட்டிச் சேமக்காலையில் அடக்கினார்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஷபீகா வந்து கோவில் வாசலில் நின்றாள். பூபாலசிங்கம் உள்ளே வந்திருந்தார். பிறகு இருவரும் வீட்டுக்கு வந்து, றோஸி கொடுத்த பிளேன்ரீயைக் குடித்தார்கள். வெகுநேரம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், கம்பனி கொடுக்கவேண்டியதைப் பற்றியும் கதைத்தார்கள். எழும்பப்போகும் நேரத்தில்தான் ஷபீகா கேட்டாள், அந்தக் கதவை அப்படியே விட்டிருவமா அக்கா என்று.

றோஸி பதில் சொல்ல முன் பூபாலசிங்கம் தொண்டையைச் செருமினார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"பூட்டுத் திறக்கிறவனா நான் இருக்கிறன்," என்றார்.

றோஸி அவரைப் பார்த்தாள். பிறகு, அடுத்த போயாவுக்கு வாருங்கள் என்றாள். காலையிலேயே வந்தால் இருட்ட முதல் முடிக்கலாம் என்றும் சொன்னாள்.

போயாவுக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. பிஸ்கட் வாங்கியாயிற்று. கடதாசியில் கடைசி அறை என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே ஆரோ மூச்சு விடுற சத்தம் என்று எழுதியிருக்கிறாள். உள்ளே இருப்பது யார் என்பதை இன்னும் எழுதவில்லை.